ஒப்பிப்பது கல்வியாகுமா?

இரவு வானத்தின் புகைப்படத்தைக் கொடுத்தால் ‘அஸ்ட்ரோமெட்ரி.நெட்’ என்னும் மென்பொருள் விண்மீன்களின் பெயர்களைச் சொல்லிவிடுகிறது. நான்கு நான்கு விண்மீன்களாக எடுத்து, அவை அமைந்துள்ள வடிவத்தைத் தன் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. இனி நாம் வானத்தைக் கற்க வேண்டியதில்லை என்பர் சிலர். நான் இசையமாட்டேன்.

அது தரும் பெயர்களுள் சில, 'எச்.டி.' எண்கள். அவை 1918 முதல் 1924 வரை வெளிவந்த ஹென்றி டிரேப்பர் பட்டியலுக்கு உரியவை. அப்பட்டியலின் 2,25,300 விண்மீன்களையும், கண்ணாடித் தகடுகளில் பதிந்த நிறமாலைகளைப் பார்த்து வகைப்படுத்தியவர் ஆனி ஜம்ப் கேனன் என்னும் செவித்திறன் குன்றிய பெண்மணி!

பிறர் உழைத்துக் கண்டதை இயந்திரம் ஒப்பிக்கிறது. ஒப்பிப்பது கல்வியாகாது என்று நம் ஆசிரியைகள் சொல்வதில்லையா? தோழியரே, இறைவன் படைத்த விண்மீன்களுள் ஒன்றையாவது இன்றிரவு நம் கண்ணாலேயே கண்டறிவோம்!