ஸ்டெப் மார்க் இல்லாத கணக்கு

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் விடையை மட்டும் எழுதிவிட்டு வந்தவனுக்கு என்ன கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஐந்து மார்க் கேள்விக்கு ஒரு மார்க் வந்தால் அதிர்ஷ்டம். விடை தப்பாகவே போனாலும், படிகள் ஒழுங்காக இருந்தால் மூன்று, நான்கு என்று போட்டுவிடுவார்கள். "எப்படி வந்ததுன்னு காட்டு" என்று சொல்லாத கணக்கு வாத்தியார் தமிழ்நாட்டில் கிடையாது.

அதே மாணவன் கல்லூரிக்கு வந்து ப்ராஜக்ட் செய்யும்போது இந்த நியாயம் காற்றில் பறந்துவிடுகிறது. முந்நூறு பேரிடம் கேள்வித்தாளை நிரப்பி வாங்கி, எக்செல்லில் அடித்து, எஸ்பிஎஸ்எஸ்ஸில் திறந்து, மெனுவில் நான்கு இடத்தில் க்ளிக் செய்து, வந்த அட்டவணையை வெட்டி வேர்டில் ஒட்டி, ஸ்பைரல் பைண்டிங் போட்டால் வேலை முடிந்தது. எத்தனை வரிகள் நீக்கப்பட்டன? பதில் எழுதாமல் விட்ட கட்டங்களை என்ன செய்தார்கள்? வயதை எந்த இடத்தில் வெட்டி "இளைஞர்", "நடுத்தர வயது" என்று பிரித்தார்கள்? வைவாவில் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் செய்தவருக்கே ஞாபகம் இருக்காது. க்ளிக் செய்ததற்குத் தடயம் எது?

இதற்கு மாற்று புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் 1990-களின் தொடக்கத்தில் எழுத ஆரம்பித்த "ஆர்" என்ற மென்பொருள் இருக்கிறது. இருவர் பெயருக்கும் முதல் எழுத்து அதுதான். பெல் ஆய்வகத்தின் "எஸ்" என்ற பழைய மொழியின் வாரிசு என்பதும் இன்னொரு காரணம். 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வந்தது. விலை பூஜ்யம். கிராக் தேடி வைரஸ் வாங்கிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. (சராசரி காண "மீன்" என்று அடிக்க வேண்டும். அது ஒன்றுதான் சைவர்களுக்குச் சங்கடம்.)

இலவசம் என்பதை விட முக்கியமானது, ஆர்-இல் செய்வதெல்லாம் எழுதிச் செய்வது என்பதுதான். கோப்பைத் திறப்பது, வரியை நீக்குவது, பிரிப்பது, சராசரி காண்பது எல்லாமே வரிவரியாக ஒரு ஸ்கிரிப்டில் இருக்கும். அந்த ஸ்கிரிப்டுதான் ஸ்டெப்.

"விடை சரியாக வந்தால் போதாதா, ஸ்டெப் எதற்கு?" என்பவர்கள் அமெரிக்காவில் ஒரு மாணவன் செய்த ஹோம்வொர்க்கைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பெரிய பொருளாதாரப் பேராசிரியர்கள் 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ரோகாஃப் அதற்கு முன் சர்வதேச நாணய நிதியத்தின் தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்தவர். வளர்ந்த நாடுகள் 20-ன் 1946 முதல் 2009 வரையிலான கணக்கு அது. நாட்டின் கடன் அதன் ஜிடிபியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் ஆகிவிடுகிறது என்று ஒரு அட்டவணை சொன்னது. உலகமே பொருளாதாரச் சரிவில் இருந்த நேரம். செலவைக் குறை, பென்ஷனைக் குறை, ஆளைக் குறை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அல்வா மாதிரி ஒரு எண் கிடைத்தது. அமெரிக்காவில் பால் ரயனின் பட்ஜெட் திட்டம் இந்த ஆய்வை மேற்கோள் காட்டியது. ஐரோப்பிய ஆணையத்தின் பொருளாதாரப் பொறுப்பாளர் ஒலி ரென்னும் இந்த 90-ஐச் சொல்லிக்கொண்டிருந்தார். சிக்கன நடவடிக்கைகள் இந்த ஒரு கட்டுரையால் மட்டும் வந்தன என்று சொன்னால் அது மிகை. ஆனால் வேலையை இழந்தவனிடம் காட்டுவதற்கு "ஆராய்ச்சி சொல்கிறது" என்ற சீட்டு ஒன்று தேவைப்பட்டது. அது கிடைத்தது.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆராய்ச்சி மாணவர். வெளியான ஒரு ஆய்வை எடுத்துக்கொண்டு, அதே விடை வருகிறதா என்று திரும்பப் போட்டுப் பார்ப்பதுதான் வகுப்பில் கொடுத்த வேலை. அவர் எடுத்தது இந்தக் கட்டுரை. விடை வரவில்லை. எத்தனை தடவை போட்டாலும் வரவில்லை. பையன்தான் எங்கேயோ தப்புப் பண்ணுகிறான் என்று அவருடைய பேராசிரியர்களே முதலில் நினைத்தார்கள். (எந்த ஊர் வாத்தியாரும் அப்படித்தான் நினைப்பார்.) கடைசியில் கட்டுரை எழுதியவர்களுக்கே எழுதிக் கேட்டதும், ரெய்ன்ஹார்ட் தங்கள் எக்செல் கோப்பை அனுப்பிவைத்தார். அதைப் பாராட்டியாக வேண்டும், மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை.

கோப்பைத் திறந்தால் சராசரிக்கான கட்டத்தில் இருந்த சூத்திரம் 30-ஆவது வரியிலிருந்து 44-ஆவது வரி வரை மட்டுமே எடுத்திருந்தது. தகவலோ 49-ஆவது வரி வரை இருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்கிலேயே சேரவில்லை! மவுஸை இழுக்கும்போது ஐந்து வரி முன்னாடியே விரல் நின்றுவிட்டது போலிருக்கிறது. ஹெர்ன்டன் தன் கண்ணையே நம்பாமல் தோழியைக் கூப்பிட்டுக் காட்டி உறுதி செய்துகொண்டார்.

இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிட்டு "பார்த்தாயா, எக்செல் பிழை" என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். உண்மையில் அந்த ஐந்து வரிப் பிழை விடையை மாற்றியது கொஞ்சம்தான், சுமார் 0.3 சதவீதப் புள்ளி. பெரிய விஷயம் வேறு இரண்டு.

ஒன்று, சில நாடுகளின் சில ஆண்டுகள் கணக்கில் இல்லை. நியூசிலாந்து 90 சதவீதத்தைத் தாண்டியிருந்த ஆண்டுகள் 1946 முதல் 1949 வரையும் 1951-ம். வளர்ச்சி முறையே 7.7, 11.9, மைனஸ் 9.9, 10.8, மைனஸ் 7.6. ஐந்தையும் கூட்டி வகுத்தால் கிட்டத்தட்ட 2.6. ஆனால் கணக்கில் இருந்தது 1951 மட்டும்.

இரண்டு, எடை. முதலில் ஒவ்வொரு நாட்டுக்கும் சராசரி எடுத்து, பிறகு நாடுகளின் சராசரிகளுக்குச் சராசரி எடுத்திருந்தார்கள். அதனால் 19 ஆண்டுகள் அந்த எல்லைக்கு மேல் இருந்து சராசரி 2.4 சதவீதம் வளர்ந்த பிரிட்டனும், மைனஸ் 7.6 காட்டிய ஒரே ஒரு ஆண்டு நியூசிலாந்தும் தராசில் சமம்! ஏழு நாடுகளில் ஒரு நாடு, ஏழில் ஒரு பங்கு.

ஹெர்ன்டனும் அவருடைய பேராசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலினும் 2013 ஏப்ரலில் வெளியிட்ட கணக்கில் மைனஸ் 0.1 இருந்த இடத்தில் 2.2 வந்தது. கடன் 60 முதல் 90 வரை உள்ள பிரிவின் 3.2-ஐ விட இது குறைவுதான். குறைகிறது என்பது வேறு, மலையுச்சியிலிருந்து விழுகிறது என்பது வேறு. ரெய்ன்ஹார்ட்டும் ரோகாஃபும் சூத்திரப் பிழையை ஒப்புக்கொண்டார்கள். வேண்டுமென்றே எதையும் விடவில்லை, அந்த ஆண்டுகளின் தகவல் அப்போது தயாராக இல்லை, எடை போட்டது யோசித்துச் செய்ததுதான் என்றார்கள்.

இருக்கட்டும், யோசித்துச் செய்தது என்றே வைத்துக்கொண்டாலும் மூன்று வருடம் அது யார் கண்ணிலும் படவில்லை என்பதுதான் பிரச்சினை. ஸ்கிரிப்டில் ஐந்து நாடுகளை விட வேண்டுமானால் அந்த ஐந்து பெயரையோ வரி எண்ணையோ எழுதித்தான் விட வேண்டும். சராசரிக்குச் சராசரி எடுத்தால் அது இரண்டு வரியாகக் கண்முன்னே நிற்கும். படிக்கிற முதல் ஆள் "இது ஏன்?" என்று கேட்பான். எக்செல்லில் அது ஒரு கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் சூத்திரம், வெளியே தெரிவது எண் மட்டும். ஆம்ஹர்ஸ்ட் குழுவினர் தங்கள் கணக்கை ஆர்-இல் எழுதி, அந்தக் கோப்பையும் சேர்த்து வெளியிட்டார்கள். அவர்கள் செய்தது தப்பென்றால் அதையும் யாரும் காட்டலாம்.

இது ஏதோ ஒரு கட்டுரையின் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிடவும் முடியாது. 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகள் தினசரிக் கணக்கில் வராமல் போனார்கள். பழைய எக்செல் கோப்பு வகையில் 65,536 வரிக்கு மேல் இடமில்லை. மிச்சம் சத்தமில்லாமல் விழுந்துவிட்டது. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை நாள் கணக்கில் தாமதமானது. மரபணு ஆய்வாளர்கள் "மார்ச் 1", "செப்ட் 2" என்ற மரபணுப் பெயர்களை அடித்தால் எக்செல் அவற்றைத் தேதியாக்கிவிடும். இது 2004-லேயே எழுதப்பட்டது. கடைசியில் 2020-ல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள்! மென்பொருளுக்காக மனித உடலின் பெயர்ப்பலகை மாறிய அதிசயம் அது.

ஆர்-இல் தப்பு வராதா என்று கேட்பவர்கள் உண்டு. நன்றாக வரும். ஆறு எண்களோடு மூன்று எண்களைக் கூட்டச் சொன்னால், அந்த மூன்றையே இரண்டு தடவை ஓட்டி, ஒரு எச்சரிக்கை கூடத் தராமல் விடை கொடுக்கும். 2020-ல் வந்த 4.0.0 பதிப்புக்கு முன்பு, வயது நெடுவரிசையில் ஒரு கட்டத்தில் "தெரியாது" என்று எழுத்தில் இருந்தாலே மொத்தமும் ஃபேக்டராகிவிடும். அதை அப்படியே எண்ணாக்கினால் 45 வயதுக்காரர் 3 என்று வந்து நிற்பார். தப்பு செய்யாத மென்பொருள் எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தப்பு நடந்த வரியை மூன்று மாதம் கழித்தும் விரல் வைத்துக் காட்டலாம், திருத்தி மறுபடி ஓட்டலாம். எக்செல்லில் ஒரு நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்தி, ஒருவர் வயதை இன்னொருவர் சம்பளத்தோடு சேர்த்து, சேமித்து மூடிவிட்டால் அது போனது போனதுதான்.

"எல்லோரும் புரோகிராமர் ஆக முடியுமா?" இது அடுத்த சாக்கு. கூட்டல் கழித்தலைப் படியாக எழுதத் தெரிந்தவனுக்கு இருபது வரி ஸ்கிரிப்ட் எழுத வராது என்பது மாணவனை அவமதிக்கும் பேச்சு. இப்போதோ ஏஐ-யிடம் கேட்டால் அதுவே எழுதித் தருகிறது. அப்படி வாங்கினாலும் கையில் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கும், வைவாவில் அதில் ஏதாவது ஒரு வரியைக் காட்டி "இது ஏன்?" என்று கேட்டுவிடலாம்.

மெனுவை விடவே மனமில்லாதவர்களுக்கும் ஒரு செய்தி. எஸ்பிஎஸ்எஸ்ஸின் ஒவ்வொரு பெட்டியிலும் "ஓகே" பொத்தானுக்குப் பக்கத்தில் "பேஸ்ட்" என்று ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் செய்யப்போவது அத்தனையும் வரிகளாக ஒரு சிண்டாக்ஸ் கோப்பில் வந்து விழும். ப்ராஜக்டின் பின்னிணைப்பில் அந்த இரண்டு பக்கத்தைச் சேர்த்துக் கொடு என்று சொல்ல எந்த சிலபஸையும் திருத்த வேண்டாம், எந்த கமிட்டியும் கூட வேண்டாம். இந்த செமஸ்டரிலேயே சொல்லலாம்.