ஸ்லைடில் ஜோக் எதற்கு?

பவர்பாயிண்ட் பழக ஆரம்பித்தவர்கள் முதலில் தேடிப் பிடிப்பது அனிமேஷனையும் ஒலிகளையும்தான். ஒவ்வோர் எழுத்தாகப் பறந்து வந்து விழும் தலைப்பு, ஸ்லைடு மாறும்போது கைதட்டல் சத்தம், மூலையில் ஒரு கார்ட்டூன் படம். பார்ப்பவர் சிரிப்பார், நம்மைப் பிடித்துப்போகும் என்பது கணக்கு. நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஒரு ஜவுளிக்கடைக்கு வெப்சைட் டிசைன் செய்து, காட்டப் போயிருந்தோம். கடையின் பழைய சின்னத்தில் ஒரு மயில். புரொஜெக்டரில் அதைப் பெரிதாகக் காட்டி, "இது மயிலா, வான்கோழியா என்று எங்கள் ஆபீசில் பட்டிமன்றமே நடந்தது சார்" என்றேன். கடைப் பையன்கள் இருவர் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "அது எங்க அப்பா கையால வரைஞ்சது தம்பி" என்றார். அதற்குப் பிறகு நான் பேசிய எதுவும் அவர் காதில் ஏறவில்லை. ஆர்டர் வேறு ஒருவருக்குப் போனது. டிசைன் என்னவோ நன்றாகத்தான் இருந்தது!

இதற்காக, சிரிக்காமல் பேச வேண்டும் என்று சொல்ல மாட்டேன். யாரைக் கிண்டல் செய்கிறோம் என்பதுதான் விஷயம். 1998 ஏப்ரலில் சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில், அப்போது வெளிவரவிருந்த விண்டோஸ் 98-ஐ மேடையில் இயக்கிக் காட்டினார்கள். ஸ்கேனரை இணைத்தால் போதும், கம்ப்யூட்டர் தானே அடையாளம் கண்டுகொள்ளும் என்று கேபிளைச் செருகினார்கள். திரை முழுக்க நீல நிறமாகி, பிழைச் செய்தி வந்து நின்றுவிட்டது. அரங்கமே சிரித்தது. மேடையில் இருந்த பில் கேட்ஸ் சாக்குச் சொல்லவில்லை. இதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடாமல் வைத்திருக்கிறோம் போலும் என்ற பொருளில் ஒரு வரி சொன்னார். தன் சரக்கைத் தானே கிண்டலடித்தார்; கூட்டம் அவர் பக்கம் வந்துவிட்டது.

2007 ஜனவரியில் ஐபோனை அறிமுகம் செய்தபோது ஸ்டீவ் ஜாப்ஸுக்கு ஸ்லைடு மாற்றும் கிளிக்கர் வேலை செய்யவில்லை. அவர் பதறவில்லை. டி.வி. படத்தைக் கலைக்கும் சிறு கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, ஸ்டீவ் வாஸ்னியாக் கல்லூரி விடுதி மாணவர்களை ஆட்டிவைத்த கதையைச் சொன்னார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

இரண்டிலும் நகைச்சுவை ஸ்லைடில் இல்லை என்பதைக் கவனியுங்கள். வாயால் சொன்ன ஜோக் அந்த அறையோடு போய்விடும். ஸ்லைடில் போட்டால் ஃபைலோடு மெயிலில் போகும். அன்று வராத பெரிய அதிகாரி, உங்கள் முகத்தையோ குரலையோ அறியாதவர், தனியாக உட்கார்ந்து அதைப் படிப்பார். அவருக்கு எங்கே சிரிப்பு வரும்?

கதை சொல்லத் தோன்றினால், ஸ்லைடு ஷோ ஓடும்போது கீபோர்டில் ஆங்கில 'பி' எழுத்தை அழுத்துங்கள். திரை கறுப்பாகிவிடும், எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள். மறுபடி அழுத்தினால் ஸ்லைடு திரும்ப வரும். இந்த வசதி தெரியாமல் புரொஜெக்டர் லென்ஸைக் கையால் மறைத்துக்கொண்டு பேசியவன் நான்.

இப்போதெல்லாம் பழைய டிசைனைத் திரையில் போடும் முன், "இதை வரைந்தது யார் சார்?" என்று கேட்டுவிடுகிறேன். பல நேரம் அவர்களே ஒரு கதை சொல்லிச் சிரிக்கிறார்கள்.