கட்டுப் போடுமுன் கேள்வி போடு!

கிளை முறிந்தது; சிறுவன் விழுந்தான்; கை முறிந்தது!

உடையார்பாளையம் வட்டாரத்து முந்திரித் தோப்புகளுக்கு இது புதிய கதை அல்ல. ஓடி வருகிறாள் தாய். கூடி விடுகிறது ஊர். "ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு" என்கிறது ஒரு குரல். "அங்கே போனால் கத்தி வைப்பார்கள், கம்பி வைப்பார்கள், காசு கரையும். கட்டு வைத்தியரிடம் போ, மூன்று கட்டில் கை கூடிவிடும்" என்கின்றன பத்துக் குரல்கள். ஒன்று தோற்கிறது, பத்து வெல்கிறது. பையனின் முழங்கை மீது பச்சிலை ஏறுகிறது, முட்டை வெண்கரு ஏறுகிறது, மூங்கில் பத்தை ஏறுகிறது, அதன்மேல் துணி இறுக்கிச் சுற்றப்படுகிறது.

இரவெல்லாம் பிள்ளை கதறுகிறான். "கட்டு பிடிக்கிறது, அப்படித்தான் வலிக்கும்" என்று தேற்றுகிறார்கள் பெரியவர்கள். விடியும் நேரத்தில் அழுகை நிற்கிறது. வலி போய்விட்டது என்று மகிழ்கிறாள் தாய். போனது வலி அல்ல, தோழர்களே! போனது கையின் உணர்ச்சி! வெளுத்துக் குளிர்ந்து கிடக்கின்றன விரல்கள். இனி அந்தக் கை ஏர் பிடிக்குமா? தறியில் நாடா தள்ளுமா? எழுதுகோல் ஏந்துமா?

அந்தத் தாய்க்கு அன்பு குறைவா? இல்லை. அக்கறை குறைவா? இல்லவே இல்லை. அவளிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான்; கட்டுப் போடுமுன் கேட்க வேண்டிய கேள்விகளை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இன்று எழுதுகிறோம்.

கட்டு வைத்தியரைப் பழிக்க நாம் பேனா எடுக்கவில்லை. ஆந்திரத்துப் புத்தூரின் பெயரைத் தாங்கிய பலகைகள் தமிழ்நாட்டு ஊர்களில் தொங்குகின்றன என்றால், காரணம் இல்லாமல் தொங்கவில்லை. எளிய முறிவு பலவும் அசையாமல் கிடந்தால் தானே கூடும். அது எலும்பின் இயல்பு. அசையாமல் வைக்கும் வேலையைக் கட்டு செய்கிறது. கைராசி என்று ஊர் புகழ்வதில் பெரும்பங்கு, எலும்புக்கு இயற்கை தந்த கொடை!

ஏழை ஏன் அங்கே போகிறான் என்பதும் நமக்குத் தெரியும். அங்கே வரிசை இல்லை. வள்ளென்று விழுவார் இல்லை. "வாப்பா, உட்கார்" என்கிறது ஒரு குரல். கொடுத்ததை வாங்கிக்கொள்கிறது ஒரு கை. ஒரு நாள் கூலி போனாலும் மறுநாள் கூலி போகாது என்ற கணக்கும் இருக்கிறது. இந்தக் கணக்கைப் பார்த்துச் சிரிப்பவன் வறுமையை அறியாதவன். ஆனால் கணக்கில் ஓர் இலக்கம் விடுபட்டுவிட்டது என்று எடுத்துச் சொல்பவன்தான் தோழன். விடுபட்ட இலக்கம், அந்தக் கையே!

அடிபட்ட இடம் வீங்கும். வீக்கம் வெளியே வர இடமில்லாமல் கட்டு இறுகி நின்றால், அது உள்ளேதான் நெருக்கும். நெருக்கம் மிகுந்தால் சதைக்குள் இரத்தம் ஓடாது. இரத்தம் ஓடாத சதை ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் சாகத் தொடங்குகிறது. செத்த சதை சுருங்கி, விரல்களைப் பருந்தின் நகம் போல் மடக்கி நிறுத்திவிடும். செருமானிய மருத்துவர் வோல்க்மன் இந்தக் கேட்டை 1881-ஆம் ஆண்டிலேயே விளக்கி எழுதினார். அவர் பெயராலேயே இன்றும் மருத்துவ ஏடுகள் அதைக் குறிக்கின்றன. உலகம் அறிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலான உண்மை, நம் ஊர்த் திண்ணைக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றால், அது யார் குற்றம்?

ஆகவே கேளுங்கள், தோழர்களே. கேட்டதை நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

முதல் கேள்வி: காயம் திறந்திருக்கிறதா? தோல் கிழிந்து இரத்தம் வந்தால், எலும்பு வெளியே தெரிந்தால், பேச்சே வேண்டாம். மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அதன்மேல் சாம்பலும் கூடாது, சாணமும் கூடாது, பச்சிலையும் கூடாது. சுத்தமான துணியால் மூடி, அடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்துக்கொண்டு போங்கள். அங்கே புண்ணைக் கழுவுவார்கள். தசைவிறைப்புச் சன்னிக்குத் தடுப்பூசி போடுவார்கள். சீழ் பிடிக்காமல் மருந்து தருவார்கள். இந்த மூன்றையும் மூங்கில் பத்தை செய்யாது.

இரண்டாவது கேள்வி: எக்ஸ்ரே எடுத்தாயிற்றா? வெறும் சுளுக்கா, மூட்டு நழுவியதா, எலும்பு இரண்டானதா, நான்கானதா? தடவிப் பார்க்கும் விரலுக்குக் கண் இல்லை. 1895-இல் ரான்ட்கன் தன் மனைவியின் கையைப் படம் எடுத்தார். எலும்பும் தெரிந்தது, விரலில் கிடந்த மோதிரமும் தெரிந்தது. அன்று முதல் மனிதகுலத்துக்குக் கிடைத்த கண் அது. அந்தக் கண்ணைக் கட்டிவிட்டுக் கையைக் கட்டுவதில் என்ன சிறப்பு? முழங்கைக்கு மேலே முறிந்த குழந்தையின் கையும், இடுப்பெலும்பு முறிந்த முதியவரின் காலும் கட்டுக்கு அடங்குபவை அல்ல. இடுப்பு முறிந்த பாட்டியைப் பாயில் போட்டுப் பச்சிலை அரைப்பது, படுக்கைப் புண்ணுக்கும் நுரையீரல் நோய்க்கும் பாய் விரித்து அழைப்பதாகும்.

மூன்றாவது கேள்வி: தேய்க்கப் போகிறாரா, இழுக்கப் போகிறாரா? வீங்கிய முறிவைத் தேய்க்கக் கூடாது. குழந்தையின் முழங்கையை எண்ணெய் விட்டு உருவினால், சதைக்குள்ளேயே எலும்பு முளைத்து மூட்டு இறுகிப்போவதுண்டு. கழுத்தைத் திருகிச் சொடுக்கு எடுப்பதிலும் ஆபத்து உண்டு. அரிதாக, மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. மூட்டை தூக்குகிறவனுக்கு முதுகுவலி வருவது வழக்கம்தான். ஆனால் மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்து வந்தால், அது முதுகெலும்பில் வந்த காசநோயாக இருக்கலாம். கால் மரத்து, சிறுநீர் வராமல் நின்றாலோ, தன்னை அறியாமல் போனாலோ, அன்றைக்கே மருத்துவமனை. நாளை என்பது தாமதம்.

நான்காவது கேள்வி: நோயாளிக்குச் சர்க்கரை உண்டா? பல ஆண்டு சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கட்டு இறுகுவது தெரியாது. வலி என்னும் காவல்காரன் உறங்கிவிட்ட வீடு அது. திருடன் வந்து போனபின் கட்டை அவிழ்த்துப் பார்த்தால், கறுத்த கால்தான் மிஞ்சும்.

ஐந்தாவது கேள்வி: கட்டிய கை எங்கே படித்தது? சித்த மருத்துவப் பட்டம் பெற்றுப் பதிவு எண்ணோடு இருப்பவர் வேறு. அவரிடம் கேட்டால் எண்ணைக் காட்டுவார். பாட்டன் கட்டினார், அப்பன் கட்டினார், நான் கட்டுகிறேன் என்பவர் வேறு. பரம்பரை மட்டுமே தகுதி ஆகாது, அங்கீகரிக்கப்பட்ட கல்வி இல்லாதவர் நாட்டு மருத்துவம் செய்ய உரிமை இல்லை என்று 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே, கேரளத்துப் பரம்பரை வைத்தியர்கள் வழக்கில் கூறிவிட்டது. பிறப்பால் வருவது தகுதி அன்று, படிப்பால் வருவதே தகுதி என்று மேடைதோறும் முழங்கும் நாம், முறிந்த எலும்புக்கு மட்டும் விதிவிலக்கு கொடுக்கலாமா?

நகரங்களில் 'ஆஸ்டியோபதி' என்று புதுப் பலகைகள் தொங்குகின்றன. கையால் எலும்பையும் மூட்டையும் சீர்செய்வதாகச் சொல்லும் முறை அது. அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் 1874-இல் தொடங்கியது. இன்று அந்நாட்டில் அந்தப் பட்டம் பெற்றவர் முழு மருத்துவக் கல்வி கற்றவர். மருந்து எழுதவும் அறுவை செய்யவும் உரிமை பெற்றவர். பிரிட்டனில் 1993-இல் சட்டமே வந்தது. பதிவு செய்யாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. ஆகவே இங்கே பலகையின் பெயரைப் பார்த்து மயங்காதீர்; பலகைக்குப் பின்னால் இருக்கும் படிப்பைக் கேளுங்கள்.

பரம்பரைக் கைக்குப் பெருமையே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு! வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சி தீவில் தலைமுறை தலைமுறையாய் எலும்பு கட்டிய குடும்பம் ஒன்று. அதில் வந்த இவான் தாமசு, லிவர்பூலுக்குக் குடிபெயர்ந்து அங்கே தொழில் செய்தார். அவர் என்ன செய்தார்? "என் கைராசி போதும்" என்று பிள்ளைகளைத் தடுத்தாரா? இல்லை, ஐந்து மகன்களையும் மருத்துவம் படிக்க வைத்தார்! அவர்களில் ஒருவர்தான் இயூ ஓவன் தாமசு. கப்பல் துறைத் தொழிலாளரும் ஏழைகளும் தேடி வந்த மருத்துவர் அவர். ஞாயிறுதோறும் ஏழைகளுக்குக் காசு வாங்காமல் பார்த்தவர். உடைந்த காலை அசையாமல் நிறுத்த அவர் செய்த இரும்புச் சட்டம், அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்குப் பின் வந்த முதல் உலகப் போரில், தொடையெலும்பு முறிந்த வீரர்களின் சாவைப் பெரிதும் குறைத்தது. பரம்பரை அறிவு படிப்போடு கைகோத்தபோது பிறந்த பயன் அது. நம் கட்டு வைத்தியர் வீட்டுப் பிள்ளையும் அப்படிப் படிக்கட்டும். பாராட்ட முதல் மாலையோடு நாம் நிற்போம்!

இனி, தொழிலாளத் தோழர்களுக்கென்றே ஒரு செய்தி. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் ஓடும் மாவட்டம் நம் அரியலூர் மாவட்டம். சுரங்கத்தில், சிமெண்டு ஆலையில், சாலையில் அடிபடுபவன் தொழிலாளி. அடிபட்டதும் சில முதலாளிமார் காட்டும் கனிவைப் பார்க்க வேண்டுமே! "ஆஸ்பத்திரி எதற்கப்பா? நல்ல கட்டு வைத்தியர் இருக்கிறார், வண்டி தருகிறேன், செலவுக்கும் தருகிறேன்" என்பார்கள். கருணையா அது? கணக்கு! மருத்துவமனைக்குப் போனால் விபத்துப் பதிவேட்டில் பெயர் ஏறும். பெயர் ஏறினால் காவல் நிலையத்துக்குச் செய்தி போகும். செய்தி போனால் இழப்பீடு என்ற சொல் எழும். பச்சிலைக் கட்டில் எந்தப் பதிவும் இல்லை!

வேலையில் அடிபட்டவனுக்கு இழப்பீடு என்று 1923-இல் சட்டம் வந்தது. 1948-இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் இவை சேர்க்கப்பட்டன. சட்டத்தின் பெயர் மாறினாலும், அது கேட்கும் கேள்வி மாறவில்லை: எந்த நாள் அடிபட்டாய், எங்கே அடிபட்டாய், என்ன காயம், எந்த மருத்துவர் பார்த்தார்? எலும்பு முறிவு என்பது குற்றவியல் சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம். இடித்துவிட்டு ஓடிய வண்டியால் கொடுங்காயம் பட்டவருக்கு 50,000 ரூபாய் என்று 2022 ஏப்ரல் முதல் வகை செய்யப்பட்டது. இவற்றுக்கெல்லாம் சான்று எது? எக்ஸ்ரே படமும் மருத்துவச் சீட்டும். கட்டு வைத்தியரிடம் நேரே போகிறவன் கையை மட்டும் பணயம் வைக்கவில்லை. உரிமையையும் சேர்த்துப் பணயம் வைக்கிறான்.

"போனால் காசு?" என்று கேட்பீர்கள். 108 வண்டி 2008 முதல் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடுகிறது, அழைக்கக் காசில்லை. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர மருத்துவத்தை அரசின் செலவில் தருவதற்கென்றே, 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் தொடங்கப்பட்டது. 2022 சனவரியில் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. இவை யாரோ போட்ட பிச்சை அல்ல. வரி கொடுத்த மக்களின் உடைமை. உன் வீட்டுக்குள் நீ நுழையத் தயங்கலாமா?

ஆனால் நுழைந்தவனை நடத்தும் முறையையும் நாம் கேட்போம். ஏழை அஞ்சுவது கத்திக்கு மட்டுமல்ல, கடுகடுத்த முகத்துக்கும்! வட்ட மருத்துவமனையில் எக்ஸ்ரே இரவிலும் இயங்க வேண்டும். எலும்பு மருத்துவர் இருக்க வேண்டும். "வாப்பா, உட்கார்" என்ற சொல் அங்கேயும் கேட்க வேண்டும். கட்டு வைத்தியரை வெல்லும் வழி வழக்கு அல்ல. அவரைவிட நல்ல வரவேற்பு! ஆட்சி யாருடையதாக இருந்தாலும் இதைக் கேட்போம். நம்முடையதாக இருந்தால் இன்னும் உரக்கக் கேட்போம்.

கடைசியாக ஒன்று. இத்தனையும் படித்த பின்னும் உங்கள் வீட்டில் யாரோ கட்டுப் போட்டுக்கொண்டு வரலாம். சண்டை வேண்டாம், விரலைப் பாருங்கள். வலி குறையாமல் ஏறுகிறதா? விரலை மெல்ல நீட்டினால் துடிக்கிறாரா? மரத்துப் போனதா? வெளுத்ததா, நீலம் பாய்ந்ததா? குளிர்ந்ததா? அசைக்க முடியவில்லையா? இவற்றில் ஒன்று இருந்தாலும், நள்ளிரவானாலும், வைத்தியரைக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். கட்டை அவிழ்த்துவிடுங்கள், மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டிலும் இதே அடையாளம் தோன்றலாம். தோன்றினால் அந்த நொடியே திரும்பப் போங்கள்.

படிப்பகங்களில் இதைப் படித்துக் காட்டுங்கள். தேநீர்க் கடையில் பேசுங்கள். அடுத்த முறை தோப்பில் ஒரு கிளை முறியும்போது, பத்துக் குரல் எதிரே நின்றாலும், "முதலில் எக்ஸ்ரே!" என்று சொல்லும் அந்த ஒற்றைக் குரல், உங்கள் குரலாக இருக்கட்டும்.

உழைப்பவனுக்கு உடைமை என்ன? இரண்டு கை! அதைக் கட்டத் தருமுன், கேள்!