ஒரே ஒரு ஆட்டமா என் பிள்ளையின் விலை?

ஒரு ஆட்டம். என் மகனின் தாடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்ததற்கு நீங்கள் வைத்த விலை அவ்வளவுதான், கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளரே. அவனை அடித்த உங்கள் அணிப் பையன் ஒரே ஒரு சனிக்கிழமை மைதானத்தில் இறங்கவில்லை. அதுவும் எந்த ஆட்டம்? பெரிய பல்கலைக்கழகத்திடம் பணம் வாங்கிக்கொண்டு வந்து, தோற்றுவிட்டுப் போகிற சின்னக் கல்லூரியோடு நடந்த முதல் ஆட்டம். அவன் இல்லாமலேயே நீங்கள் ஜெயிப்பீர்கள் என்று ஊருக்கே தெரியும். அடுத்த வாரம் அவன் இறங்கினான். அரங்கமே எழுந்து நின்று ஆரவாரித்தது. அந்தச் சத்தம் எங்கள் வீட்டு ஜன்னல் வரைக்கும் கேட்டது. உள்ளே என் பிள்ளை வாயைத் திறக்க முடியாமல் படுத்துக் கிடந்தான்.

அவன் செய்த குற்றம் என்ன? படிப்புச் செலவுக்காக ராத்திரியில் பீட்சா கடையில் வேலை பார்த்தான். கடை மூடும் நேரமாகிவிட்டது, இனி ஆர்டர் எடுக்க முடியாது என்று சொன்னான். அதற்குத்தான் அந்தக் குத்து. நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள உடம்பை, எதிரே வருபவனை மோதிச் சாய்ப்பதற்காகவே நீங்கள் வளர்த்து வைத்திருக்கிறீர்கள். அந்த உடம்பின் முழுப் பலமும் ஒல்லியான ஒரு பையனின் முகத்தில் இறங்கியது.

மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டினார்கள். ராத்திரியில் குமட்டி வாந்தி வந்தால் மூச்சடைத்துவிடும் என்று, கம்பி வெட்டும் கொறடு ஒன்றைக் கையில் கொடுத்து, எந்நேரமும் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றார் மருத்துவர். அந்தக் கொறடைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அவன் மூச்சு சீராக வருகிறதா என்று கேட்டபடி நான் விழித்துக் கிடந்தேன். கஞ்சியை வடிகட்டி, ரசத்தைத் தெளிவாக இறுத்து, ஸ்ட்ராவில் உறிஞ்சக் கொடுத்தேன். பெற்ற பிள்ளை பசியில் அழுவதற்குக்கூட வாய் திறக்க முடியாமல் இருப்பதை எந்தத் தாயும் பார்க்கக் கூடாது.

நீங்கள் பத்திரிகைக்காரர்களிடம் என்ன சொன்னீர்கள்? "நல்ல பையன், ஒரு தவறு செய்துவிட்டான், அணிக்குள்ளேயே பேசி முடித்துவிட்டோம்." யாரிடம் பேசி முடித்தீர்கள்? என் மகனிடம் யாரும் பேசவில்லை. எங்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். அடித்தவன் உங்கள் ஆள், விசாரித்தது நீங்கள், தீர்ப்பும் உங்களுடையது. அவன் ஆடாவிட்டால் நஷ்டம் யாருக்கோ அவரே நீதிபதி!

எங்கள் தமிழ் ஆட்களும் வந்து சொன்னார்கள்: "வந்த இடத்தில் எதுக்கு வம்பு? ஒரு பையனின் எதிர்காலத்தைக் கெடுக்கலாமா?" எல்லோருக்கும் அந்தப் பையனின் எதிர்காலம்தான் கண்ணில் படுகிறது. படிப்பு தடைப்பட்டு, கூட்டத்தைக் கண்டாலே ஒதுங்கிப் போகிற என் பிள்ளைக்கு எதிர்காலம் கிடையாதா?

இந்த "ஒரு ஆட்டம்" கணக்கை நீங்கள் கண்டுபிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் இது பழைய கணக்கு. 1998ல் ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், தன்னை நான்கு பேர் சேர்ந்து வன்புணர்வு செய்ததாக ஒரு பெண் புகார் கொடுத்தார். அதில் இரண்டு பேர் கால்பந்து அணி வீரர்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகவில்லை. பயிற்சியாளர் மைக் ரைலி அந்த இருவரையும் ஒரு ஆட்டத்துக்கு வெளியே உட்காரவைத்தார். 2010ல் ஒஹாயோ ஸ்டேட் அணி வீரர்கள் ஐந்து பேர் தங்கள் சட்டையையும் மோதிரத்தையும் விற்றதும், சலுகை விலையில் பச்சை குத்திக்கொண்டதும் வெளியே வந்தது. கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. சங்கம் அவர்களுக்கு விதித்த தடை ஐந்து ஆட்டம். விஷயம் தெரிந்தும் மறைத்த பயிற்சியாளர் ஜிம் ட்ரெஸ்ஸல் 2011ல் பதவியையே விட்டுப் போக நேர்ந்தது. சொந்தச் சட்டையை விற்றால் ஐந்து ஆட்டம், ஒரு பெண்ணின் வாழ்க்கை சிதைந்த புகாருக்கு ஒரு ஆட்டம். இது எந்த ஊர் நியாயம்?

"நூறு பையன்களுக்கு மேல் இருக்கிறார்கள், இருபத்துநாலு மணி நேரமும் நான் பின்னாலேயே போக முடியுமா?" என்று கேட்பீர்கள். உங்களால் முடியாதது எது? அவன் எத்தனை மணிக்குத் தூங்குகிறான், எத்தனை கிலோ இருக்கிறான், காலையில் என்ன சாப்பிட்டான் என்பதெல்லாம் உங்கள் ஏட்டில் இருக்கிறது. வகுப்புக்குப் போனானா என்று பார்க்கத் தனியாக ஆள் வைத்திருக்கிறீர்கள். உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, கழிவறைச் சுவரில் சிறுநீர் நிற அட்டை ஒட்டியிருக்கிறீர்கள். பயிற்சிக்கு ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் விடியற்காலையில் அரங்கத்தின் படிகளில் ஏறி இறங்க வைக்கிறீர்கள். சிறுநீரின் நிறம் வரைக்கும் தெரிந்த உங்களுக்கு, அவன் கை யார் முகத்தில் விழுந்தது என்று மட்டும் தெரியாதா?

"அவனை அணியிலிருந்து துரத்தினால் கெட்டுப்போவான், கால்பந்துதான் அவனைத் திருத்தும்" என்றும் சொல்வீர்கள். 1995ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டாம் ஆஸ்பார்னும் இப்படித்தான் வாதாடினார். அவருடைய நட்சத்திர வீரர் லாரன்ஸ் பிலிப்ஸ், முன்பு தன்னோடு பழகிய பெண்ணை அடித்துப் படிக்கட்டில் இழுத்துக்கொண்டு போனார். சில வாரங்கள் வெளியே உட்கார்ந்துவிட்டு, அதே பருவத்திலேயே அணிக்குத் திரும்பினார். அணி 62-24 என்று ஃபுளோரிடாவை வீழ்த்தித் தேசியப் பட்டம் வென்றது. கோப்பை நெப்ராஸ்காவுக்குக் கிடைத்தது. பிலிப்ஸுக்கு என்ன கிடைத்தது? அதற்குப் பிறகும் பெண்ணை அடித்தார், இளைஞர்கள் மீது காரை ஏற்றினார், 31 ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை பெற்றார். 2016 ஜனவரியில், 40 வயதில், சிறைக் கைதியாகவே உயிர் போயிற்று. தாய் தகப்பன் அரவணைப்பு இல்லாமல் விடுதிகளில் வளர்ந்த பிள்ளை அது. அதற்காகவும்தான் என் வயிறு எரிகிறது. அவருக்குத் தேவைப்பட்டது சிகிச்சையும் கண்டிப்பும். கிடைத்தது பந்து. எத்தனையோ பையன்கள் வறுமையிலிருந்து உங்களிடம் வருகிறார்கள். ஓடும் வேகம் இருக்கிற வரைக்கும் அவர்களை மூடி மறைத்துக் காப்பாற்றுவீர்கள். அதற்குப் பிறகு யார் காப்பாற்றுவார்கள்?

டெக்சஸில் பேலர் பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் படித்தபோது எனக்கு என் வீட்டுக் கதையைப் படிப்பது போலவே இருந்தது. 2016 மே மாதம் வெளியான விசாரணை முடிவுகள் சொல்வது இதுதான்: கால்பந்துப் பயிற்சியாளர்களும் அலுவலர்களும் பாலியல் வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண்களையும் பெற்றோரையும் நேரில் சந்தித்தார்கள்; கேட்டதை மேலே தெரிவிக்காமல் விட்டார்கள். ஒரு பெற்றோர் எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்து, எவ்வளவு கூசிக் குறுகி அந்தச் சந்திப்புக்குப் போயிருப்பார்கள்! பயிற்சியாளர் ஆர்ட் ப்ரைல்ஸின் பதவி போயிற்று. பல்கலைக்கழகத் தலைவர் கென் ஸ்டாரின் பதவியும் போயிற்று. ஆனால் 2021ல் என்.சி.ஏ.ஏ. என்ன சொன்னது? பாலியல் புகார்களை அங்கே கையாண்ட விதம் தன் விதி எதையும் மீறவில்லை என்று சொல்லிவிட்டது. பச்சை குத்தியதற்கு விதி இருந்தது. இதற்கு இல்லை.

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2013ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், விடுதி அறையில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமையில் சம்பந்தப்பட்ட நான்கு வீரர்கள் நாள் கணக்கிலேயே அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்கள் மேல் குற்றச்சாட்டு பதிவானதே அதற்குப் பிறகுதான். நீதிமன்றம் முடிவு சொல்லட்டும் என்று காத்திருப்பதாக நீங்கள் சொல்வது சாக்கு. சிறைக்கு அனுப்பத்தான் நீதிமன்றம் வேண்டும். அணிச் சட்டையைக் கழற்றி வாங்க எந்த நீதிமன்றமும் வேண்டாம். பந்தை நழுவவிட்டவனை அடுத்த நிமிடமே பெஞ்சில் உட்காரவைக்கிற கைதானே உங்கள் கை?

உங்கள் தொழிலின் உச்சியில் இருப்பவர்கள் ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கு மேல் வாங்குகிறார்கள். பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் ஆளுநரைவிட மேலே நிற்பது பயிற்சியாளரின் பெயர். ஜெயித்தால் தனி ஊக்கத்தொகை. வீடு வீடாகப் போய், தாய்மார்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கள் பிள்ளையை நல்ல மனிதனாக்கி அனுப்புகிறேன்" என்று வாக்குக் கொடுத்துத்தானே அந்தப் பையன்களைக் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள்? அழைத்து வந்த ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கு அந்த வாக்கில் பங்கில்லையா?

நான் கேட்பது இவ்வளவுதான். புகார் வந்த அன்றே அதை உங்கள் கையிலிருந்து வெளியே கொடுங்கள். வெற்றி தோல்வியில் பங்கில்லாதவர்கள் விசாரிக்கட்டும். அவர்கள் முடிவு சொல்லும் வரைக்கும் அந்தப் பையன் மைதானத்தில் இறங்கக் கூடாது, எதிரணி எதுவாக இருந்தாலும் சரி. மறைத்தால், ஊக்கத்தொகை எழுதியிருக்கிற அதே ஒப்பந்தப்படி உங்கள் சம்பளம் போக வேண்டும். விசாரணை உங்கள் கையில் இருக்கக் கூடாது; பொறுப்பு உங்கள் தலையிலிருந்து இறங்கவும் கூடாது.

மைக் ரைலி 2016ல், தாம் அப்போது நடத்திவந்த நெப்ராஸ்கா அணியின் முன்னால் அந்த ஓரிகன் பெண்ணையே அழைத்துப் பேசவைத்தார். அவரால் தமக்கு நேர்ந்ததை அவர் முகத்துக்கு நேரே சொல்ல அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயிற்று. நாங்கள் அவ்வளவு காலம் காத்திருக்க மாட்டோம். என் மகனின் வாயில் இப்போது கம்பி இல்லை. உங்கள் அணியை வரிசையாக உட்காரவையுங்கள், அடித்தவனை முன்வரிசையில் உட்காரவையுங்கள். என் பிள்ளை வந்து பேசுவான். நீங்களும் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டு முடித்த பிறகு, ஒரு ஆட்டம் போதும் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.