உயரம் குறைந்த குழந்தைகளின் முதல் வகுப்புச் சேர்க்கை: சான்றிதழுக்குக் காத்திராமல் ஏற்பாடு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர் மற்றும் செயலாளர்,
வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் சங்கம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர், பள்ளிக் கல்வித் துறை,
அரசுச் செயலாளர், மாற்றுத்திறனாளிகள் நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை - 600 009.

நகல்: தொடக்கக் கல்வி இயக்குநர், மாநிலத் திட்ட இயக்குநர், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி.

பொருள்: எலும்பு மற்றும் ஹார்மோன் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகள் முதல் வகுப்பில் சேரும் முன்பே பள்ளியில் உரிய ஏற்பாடுகளைச் செய்ய அரசாணை வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எலும்பு வளர்ச்சிக் குறைபாட்டாலோ வளர்ச்சி ஹார்மோன் குறைவாலோ வயதுக்குரிய உயரத்தை எட்டாத குழந்தைகள் முதல் வகுப்பில் சேரும்போது, அவர்களுக்கு வேண்டிய ஏற்பாடுகளைப் பள்ளி எப்போது செய்ய வேண்டும் என்பதே இம்மனு எழுப்பும் கேள்வி. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகா, குழந்தை வகுப்பறைக்கு வருவதற்கு முன்பா? பின்னதே சட்டப்படியும் நடைமுறைப்படியும் சரி என்பது எங்கள் வாதம். உதவித்தொகையை உயர்த்துங்கள் என்றோ புதிய திட்டம் அறிவியுங்கள் என்றோ இப்போது நாங்கள் கேட்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் சட்டமும் ஊழியர்களும் நிதியும் உரிய மாதத்தில் ஒன்றுசேர ஓர் அரசாணை வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

எலும்பு வளர்ச்சிக் குறைபாடுகளில் அதிகம் காணப்படும் அகாண்ட்ரோபிளேசியாவை எடுத்துக்கொள்வோம். எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற மரபணுவில் நேரும் மாற்றமே அதற்குக் காரணம் என்று 1994-இல் கண்டறியப்பட்டது. இக்குழந்தைகளில் ஐந்தில் நால்வர் சராசரி உயரமுள்ள பெற்றோருக்கே பிறக்கிறார்கள்; எனவே குடும்பத்துக்கும் இது புதிதாகவே இருக்கும். ஏறத்தாழ 25,000 பிறப்புகளுக்கு ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆண்டுக்கு ஒன்பது லட்சத்தை ஒட்டிப் பிறப்புகள் நிகழும் தமிழ்நாட்டில் அது முப்பது, நாற்பது குழந்தைகள் ஆகும். மாவட்டங்கள் 38, ஆக, மாவட்டத்துக்கு ஆண்டுக்கு ஒரு குழந்தை என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு குறைந்த எண்ணிக்கைக்குத் தனி ஆணை எதற்கு என்று கேட்கத் தோன்றும். எண்ணிக்கை குறைவு என்பதால்தான் ஆணை தேவைப்படுகிறது. ஒரு தலைமை ஆசிரியர் தம் பணிக்காலம் முழுவதும் இப்படி ஒரு குழந்தையைச் சந்திக்காமலே ஓய்வுபெறக்கூடும். அனுபவத்தால் கிடைக்க வழியில்லாத அறிவைத் துறைதான் அவருக்குத் தர வேண்டும்.

இக்குழந்தைகளின் அறிவுத்திறனில் பொதுவாகக் குறை எதுவும் இல்லை. உடலின் நடுப்பகுதி ஏறக்குறைய இயல்பான நீளத்தில் இருக்கும். மேற்கைகளும் தொடைகளுமே மிகக் குட்டை. ஆறு வயதில் உடன் படிப்பவரைவிட 20 செ.மீ.க்கும் மேல் உயரம் குறைந்திருப்பார்கள். ஆனால் பெஞ்சில் அமர்ந்துவிட்டால் தலை மற்றவர்களுக்கு இணையாகவே தெரியும்; கால்கள் மட்டும் அந்தரத்தில் தொங்கும். முன்னால் நிற்கும் ஆசிரியரின் பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். தாங்கலின்றித் தொங்கும் கால்கள் மரத்துப்போவதும் முதுகு முன்னோக்கி வளைவதும் மேசைக்குக் கீழே நடப்பவை. சிறிய குழந்தைதானே, அங்கன்வாடி நாற்காலியைப் போட்டுவிடலாம் என்பதும் தீர்வாகாது; அதில் கால் தரையைத் தொட்டாலும் மேசை உயரமாகிவிடும். விலையில்லாச் சீருடைக்கும் இதே கதைதான்: மூன்று வயதுக் குழந்தையின் சட்டை மார்புக்குப் போதாது, ஆறு வயதுக் குழந்தையின் சட்டையின் கையோ விரலைத் தாண்டும்.

இனி, சான்றிதழ். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தன் அட்டவணையில் குள்ளத்தன்மையை இயக்கக் குறைபாடுகளின்கீழ்ச் சேர்த்திருக்கிறது. வளர்ந்த பின் உயரம் 4 அடி 10 அங்குலமாகவோ, அதாவது 147 செ.மீ. ஆகவோ, அதற்கும் குறைவாகவோ அமையக் காரணமாகும் மருத்துவ அல்லது மரபணு நிலை என்பது அதன் வரையறை. வளர்ந்தவரின் உயரம் அளவுகோலாக வைக்கப்பட்டிருப்பதால், ஐந்து வயதுக் குழந்தை விஷயத்தில் மருத்துவக் குழு தயங்குவது புரிந்துகொள்ளக் கூடியதே. ஐந்து வயதில் 147 செ.மீ.க்குக் கீழே இல்லாத குழந்தை எது? ஆயினும் வரையறை அளப்பது இன்றைய உயரத்தை அல்ல. அந்த விளைவைத் தரும் நிலை இருக்கிறதா என்பதைத்தான் கேட்கிறது. அகாண்ட்ரோபிளேசியாவைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே எக்ஸ்ரே மூலமும் மரபணுச் சோதனை மூலமும் உறுதிசெய்ய முடியும். அக்குறைபாடுள்ள ஆண்களின் சராசரி உயரம் சுமார் 131 செ.மீ., பெண்களுடையது சுமார் 124 செ.மீ. நோய் உறுதியானபின் வளர்ந்த உயரத்தைப் பற்றிய ஐயத்துக்கு இடமில்லை. வளரட்டும், பிறகு பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பத் தேவையும் இல்லை.

எங்கள் வாதத்தின் மையம் இதற்கு அப்பால் இருக்கிறது. பள்ளி ஏற்பாடுகளுக்குச் சான்றிதழே முன்நிபந்தனை அல்ல. 40 விழுக்காடு குறைபாடு என்ற வரம்பைச் சட்டம் குறிப்பிட்ட சில உரிமைகளுக்கு மட்டுமே வைத்திருக்கிறது. வேலைவாய்ப்பு இடஒதுக்கீடும் பிரிவு 31-இன் இலவசக் கல்வியும் அவற்றுள் அடங்கும். பாகுபாடின்றிச் சேர்ப்பது, கட்டடத்தையும் வளாகத்தையும் பயன்படுத்தத் தக்கதாக்குவது, தனித் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்து தருவது ஆகிய கடமைகளை விதிக்கும் பிரிவு 16-இல் விழுக்காடு எதுவும் இல்லை. நீண்டகால உடற்குறைபாடும் சூழலின் தடைகளும் சேர்ந்து ஒருவரின் பங்கேற்பைத் தடுக்குமானால் அவர் மாற்றுத்திறனாளி என்றே பிரிவு 2 சொல்கிறது. எழுதும்போது கை இசிவால் அவதிப்பட்ட ஒரு தேர்வரின் வழக்கில், எழுத்தர் உதவியை 40 விழுக்காடு குறைபாடு உள்ளவர்களோடு நிறுத்திவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. விகாஷ் குமார் வழக்கு என அறியப்படும் அத்தீர்ப்பின் தர்க்கம் தேர்வறைக்கு மட்டுமல்ல, தொடக்கப் பள்ளியின் தண்ணீர்க் குழாய்க்கும் பொருந்தும். வளர்ச்சி ஹார்மோன் குறைவுள்ள குழந்தைகளுக்கு இது இன்னும் முக்கியம். ஊசி மருந்தைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டால் அவர்களில் பலர் 147 செ.மீ.யைத் தாண்டிவிடக்கூடும், அட்டவணையின் வரையறைக்குள் அவர்கள் வராமலே போகலாம். ஆனால் முதல் வகுப்பில் தாழ்ப்பாள் எட்டாத சிரமம் அவர்களுக்கும் உண்டு.

சான்றிதழ் இல்லையென்றால் குழந்தையை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்கப்படலாம். அரசிடம் அத்தகவல் ஏற்கெனவே இருக்கிறது. அங்கன்வாடியில் உயரமும் எடையும் எடுத்துப் பதிவு செய்கிறார்கள். குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.-யின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வருகிறது. சந்தேகம் எழுந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பும் வழியும் இருக்கிறது. குறை எங்கே என்றால், வயதுக்கேற்ற உயரமின்மை பதிவேட்டில் ஊட்டச்சத்துக் குறைவின் அடையாளமாகவே படிக்கப்பட்டுவிடுகிறது. எலும்பு வளர்ச்சிக் குறைபாட்டுக்குக் கூடுதல் சத்துமாவு மருந்தல்ல; உடல் எடை ஏறினால் முழங்காலுக்கும் முதுகெலும்புக்கும் அது சுமையாகும். கண்டறியப்பட்ட குழந்தையைப் பற்றிய தகவல் வட்டார வள மையத்துக்குத் தானாகப் போய்ச் சேர முறையான ஏற்பாடு வேண்டும். மார்ச், ஏப்ரலில் சேர்க்கை, ஜூனில் பள்ளித் திறப்பு. இடையிலுள்ள வாரங்கள் தாராளமாகப் போதும். ஆகஸ்டில் கோப்பு நகரத் தொடங்கினால், அதற்குள் அந்தக் குழந்தை பள்ளி என்றாலே அடுத்தவர் தயவு என்று கற்றுக்கொண்டிருக்கும்.

ஏற்பாடுகள் என்றதும் சாய்தளமும் மின்தூக்கியும் நினைவுக்கு வருகின்றன. இங்கே வேண்டியவை பெரும்பாலும் ஊர்த் தச்சரும் குழாய் பொருத்துபவரும் ஒரு நாளில் முடித்துவிடக் கூடியவை: காலுக்கு ஒரு மரப்பலகை, முதுகுக்குச் சாய்மானம், கரும்பலகை முன் உறுதியான ஒரு படி, கைக்கெட்டும் உயரத்தில் குழாயும் பை மாட்டும் கொக்கியும். அதிகம் பேசப்படாத இடம் கழிப்பறை. கை குட்டை என்பதோடு முழங்கையை முழுதாக நீட்டவும் அகாண்ட்ரோபிளேசியா உள்ள குழந்தைகளால் பொதுவாக இயலாது. எனவே தம்மைத் தாமே சுத்தம் செய்துகொள்வது பலருக்குக் கடினம். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, குழந்தை பள்ளிக்குப் போனால் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடும் அபாயம் உண்டு. கைப்பிடி, கீழே பொருத்திய தாழ்ப்பாள், கைத் தெளிப்பான் ஆகியவை இதில் பெரும்பகுதியைத் தீர்க்கும். ஆள் உதவி தேவைப்பட்டால், உதவுபவர் யார் என்பதைப் பெற்றோரையும் குழந்தையையும் கேட்டே முடிவு செய்ய வேண்டும்; கையில் கிடைத்த மூத்த மாணவரை அனுப்பும் வழக்கம் கூடாது.

பலகையும் குழாயும் பாதி வேலைதான்; மீதி ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. அகாண்ட்ரோபிளேசியாவில் நடுக்காதில் நீர் கோப்பதும் தொற்றும் அடிக்கடி வரும். அதனால் கேட்புத்திறன் மங்கலாம். கூப்பிட்டும் திரும்பாத பிள்ளை கவனமில்லாத பிள்ளை என்று பெயர் வாங்கிவிடும். உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் உண்டு என்பதால் வகுப்பில் தூங்கி வழிவதைச் சோம்பல் என்று முடிவுகட்டக் கூடாது. மண்டையோட்டின் அடியில் தண்டுவடம் இறங்கும் துளை இவர்களுக்குக் குறுகலாக இருக்கக்கூடும். ஆகவே குட்டிக்கரணம், சிரசாசனம், கழுத்தில் எடை விழும் விளையாட்டுகள் கூடாது. சிறு உருவத்தைக் கண்டதும் மற்ற பிள்ளைகள் ஆசையாகத் தூக்கிச் சுற்றுவார்கள். அதையும் அன்றே அன்பாகச் சொல்லி நிறுத்த வேண்டும். நடையில் புதிதாகத் தள்ளாட்டமோ கைகால் பலவீனமோ தெரிந்தால் காத்திராமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். புத்தகப்பையின் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதியை வகுப்பின் சராசரியை வைத்து அல்லாமல் அந்தக் குழந்தையின் எடையை வைத்தே கணக்கிட வேண்டும். இதற்காக எந்த ஆசிரியரும் மருத்துவம் படிக்கத் தேவையில்லை. இரண்டு பக்கக் கையேடு போதும்.

சான்றிதழின்றிச் செலவு செய்தால் தணிக்கையில் கேள்வி வருமே என்பது தலைமை ஆசிரியர்களின் நியாயமான அச்சம். அதை நாங்கள் இலேசாகத் தள்ளிவிடவில்லை. நல்லெண்ணத்தால் மட்டும் அந்த அச்சம் தீராது, எழுத்துவடிவ ஆணையால்தான் தீரும். விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு, சிறப்புப் பள்ளிக்கோ வீட்டுவழிக் கல்விக்கோ அனுப்புவது பாதுகாப்பல்லவா என்ற வாதமும் உண்டு. வீட்டிலிருந்தே கல்வி என்ற வாய்ப்பை, கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் கடுமையான, பன்முகக் குறைபாடுள்ள குழந்தைகளுக்காகவே வைத்தது. அதுவும் அவர்கள் தேர்ந்தெடுக்கும் உரிமையாக. இயல்பான அறிவுத்திறனுள்ள குழந்தையை ஒரு படிக்கட்டுக்கு அஞ்சி வீட்டில் இருத்த அது அனுமதிச்சீட்டு ஆகாது. கொஞ்சம் வளர்ந்து வரட்டும் என்று இன்னொரு ஆண்டு அங்கன்வாடியில் நிறுத்தி வைப்பது அதைவிடத் தவறு. சேர்க்கைக்கு அடிப்படை பிறப்புச் சான்றில் உள்ள வயது, உயரம் அல்ல. ஓராண்டு காத்திருந்தாலும் உடன்படிப்பவருக்கும் இவர்களுக்கும் உள்ள உயர இடைவெளி குறையப்போவதில்லை, கூடத்தான் செய்யும். தனியாகக் கவனித்தால் குழந்தை கூச்சப்படும் என்பார்கள். கூச்சம் தருவது எட்டாத குழாய். எட்டும் குழாயை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆகவே வரும் கல்வியாண்டின் சேர்க்கை தொடங்குமுன், இரு துறைகளும் இணைந்து ஆணை பிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அங்கன்வாடியிலும் ஆர்.பி.எஸ்.கே. பரிசோதனையிலும் கண்டறியப்பட்ட, முதல் வகுப்புக்கு வரவிருக்கும் குழந்தைகளின் விவரம், பெற்றோரின் ஒப்புதலோடு, மார்ச் மாதத்துக்குள் வட்டார வள மையத்துக்குச் சேர வேண்டும். சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் பெற்றோருடன் பள்ளியை நேரில் பார்த்து, தேவைகளை ஒரே பக்கத்தில் எழுதித் தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் தர வேண்டும். அந்த ஒரு பக்கமே பள்ளி மானியத்திலிருந்து செலவிடப் போதுமான ஆவணம் என்று ஆணையில் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். அக்குறிப்பு இல்லாவிட்டால் மற்றவை ஏட்டளவில் நின்றுவிடும். மேற்சொன்ன கையேட்டை ஆரம்பநிலை இடையீட்டு மைய மருத்துவர்களைக் கொண்டு தமிழில் தயாரித்து வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், சத்துணவுப் பணியாளர் ஆகியோருக்குத் தர வேண்டும். சீருடைக்குத் தனி அளவு எடுக்கும் வசதி வேண்டும். நோய் உறுதி செய்யப்பட்ட குழந்தைகளுக்கு இன்றைய உயரத்தைக் காரணம் காட்டிச் சான்றிதழ் மறுக்கக்கூடாது என்ற தெளிவுரை மாவட்ட மருத்துவக் குழுக்களுக்கு அனுப்பப்பட வேண்டும். கையேடு தயாரிப்பதிலும் பள்ளிகளைப் பார்வையிடுவதிலும் எங்கள் சங்கப் பெற்றோர் ஊதியமின்றி உடன் வரத் தயாராக இருக்கிறார்கள். இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துமூலம் எங்களுக்குத் தெரிவிக்குமாறும், நேரில் விளக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்.