கையேடு ஒன்று, கட்டளை ஒன்று

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். தரவுத்தளம் கற்கும் மாணவர்கள் இதனை விரைவிலேயே உணர்வர்.

மதிப்பெண் 0 முதல் 100 வரைதான் இருக்க வேண்டும் என்று ஓர் அட்டவணைக்குக் கட்டுப்பாடு விதிக்கிறோம் என வைத்துக்கொள்வோம். 'செக்' எனும் கட்டளை இதற்காகவே உள்ளது. மைஎஸ்கியூஎல் மென்பொருளில் 2019-இல் 8.0.16 பதிப்பு வரும்வரை இக்கட்டளை ஏற்றுக்கொள்ளப்பட்டது, ஆனால் செயல்படுத்தப்படவில்லை. பிழைச் செய்தியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. 150 மதிப்பெண்ணும் உள்ளே நுழைந்துவிடும். இவ்வுண்மை கையேட்டில் மட்டும் எழுதப்பட்டிருந்தது.

இன்னொன்று நம் மொழியையே தொடுகிறது. அதே மென்பொருளில் 'யுடிஎஃப்8' என்று பெயரிடப்பட்ட எழுத்துத் தொகுதி, ஒரு குறியீட்டுக்கு 3 பைட்டுகள் மட்டுமே தந்தது. உண்மையான யுடிஎஃப்-8 முறைக்கு 4 பைட்டுகள் வரை தேவை. நாம் அன்றாடம் எழுதும் தமிழ்க் குறியீடுகள் 3 பைட்டுகளில் அடங்கிவிடுவதால் குறை நமக்குத் தெரியவில்லை. ஆனால், 2019-இல் யூனிகோட் 12.0 சேர்த்துக்கொண்ட முந்திரி, காணி, மா போன்ற பழந்தமிழ்ப் பின்னக் குறியீடுகளுக்கு 4 பைட்டுகள் வேண்டும். கண்டிப்பு முறை இயக்கப்படாத தரவுத்தளத்தில், அக்குறியீடு வந்த இடத்தோடு வரி வெட்டுப்படும். பழைய கணக்கேட்டைப் பதிவு செய்பவர் பாதியை இழந்து நிற்பார். முழுமையான 'யுடிஎஃப்8எம்பி4' 2010-இலேயே வந்தும், பழைய பெயர் பழைய பொருளிலேயே தொடர்ந்தது.

எஸ்கியூலைட்டின் கதை வேறு. முதன்மைச் சாவி வெற்று மதிப்பை ஏற்கக் கூடாது என்பது எஸ்கியூஎல் தரவிதி. எஸ்கியூலைட்டில் பல அட்டவணைகள் அதை ஏற்கின்றன. அது தொடக்கக் காலப் பிழை. திருத்தினால், அதனை நம்பி ஏற்கெனவே இயங்கும் செயலிகள் பழுதாகலாம். ஆகவே திருத்தாமல், பிழை என்றே ஆவணத்தில் ஒப்புக்கொண்டுள்ளனர்.

ஒப்புக்கொள்வது நேர்மை. ஆனால் அது மட்டும் போதாது என்பதே என் கருத்து. "கையேட்டைப் படிக்காதது பயனரின் குற்றம்தானே?" எனச் சிலர் கேட்கலாம். கட்டளை தடையின்றி நிறைவேறிவிட்டால் கையேட்டைத் திறக்க யாருக்குத் தோன்றும்? செய்ய இயலாததை இயலாது என்று கட்டளையே சொல்ல வேண்டும். மறுப்பவனை நாம் நம்பலாம். தலையாட்டிவிட்டுச் சும்மா இருப்பவனை எப்படி நம்புவது?

நண்பர்களே, அடுத்த முறை ஒரு கட்டுப்பாட்டை விதித்தால், வேண்டுமென்றே ஒரு தவறான மதிப்பை உள்ளிட்டுப் பாருங்கள். நாளை நாம் உருவாக்கும் மென்பொருளும் சொன்னதைச் செய்யட்டும். செய்ய முடியாததை வாய்விட்டுச் சொல்லட்டும்.