பிள்ளைகளுக்கு வெள்ளையடிக்க வேண்டாம்

11ஆம் தரப் பிள்ளைகளின் குரூப் போட்டோ கைக்கு வந்தது. பர்தா எது, முகம் எது என்று தேட வேண்டியிருக்கிறது. நடுவில் கறுப்பு அபாயாவோடு உட்கார்ந்திருக்கும் டீச்சர்மார் நாங்கள் மட்டும் மடிப்பு மடிப்பாகத் தெளிவாகத் தெரிகிறோம்! கேட்டால், "டிஸ்ப்ளேயில நல்லாத்தானே இருந்திச்சு டீச்சர்" என்கிறார் படம் பிடித்த தம்பி.

உச்சி வெயிலில் எந்த டிஸ்ப்ளேயும் மங்கலாகத்தான் தெரியும். படம் இருட்டு என்று நினைத்து இன்னும் வெளிச்சத்தைக் கூட்டுவீர்கள். கெமராவின் ஒளிமானியோ எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். நடுவில் கறுப்பைக் கண்டால் வெளிச்சத்தைக் கூட்டும், பக்கத்தில் நிற்கும் வெள்ளை உடுப்பு எரிந்து போகும். படம் முழுக்க வெள்ளை என்றால் குறைக்கும், உடுப்பு அழுக்காகத் தெரியும்.

இதைப் பிடித்துத் தரத்தான் கெமராவில் ஹிஸ்டோகிராம் இருக்கிறது. சா.த. கணிதத்தில் நாங்கள் கரும்பலகையில் கீறும் அதே வலையுருவரையம்தான். இடது ஓரம் 0, முழுக் கறுப்பு. வலது ஓரம் 255, முழு வெள்ளை. உயரம் அந்த வெளிச்சத்தில் எத்தனை புள்ளிகள் என்ற மீடிறன். வரைபு வலது சுவரில் முட்டிக் குவிந்து நின்றால் அந்த இடத்தில் விபரம் போய்விட்டது. "போட்டோஷொப்பில் எடுக்கலாம்" என்பது கதை. ஜேபெக்கில் 255 ஆகிவிட்ட பர்தாவில் மடிப்பே பதிவாகவில்லை, எதை மீட்பது? (இதைப் புள்ளி எடுக்கும் கணக்காக மட்டும் படிப்பித்தது எங்கட பிழை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.)

'மலை நடுவில் நிற்க வேண்டும்' என்று சிலர் படிப்பிக்கிறார்கள். அதுவும் பிழை. வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் நிறைந்த படத்தில் மலை வலது பக்கம்தான் நிற்கும், நிற்கவும் வேண்டும். சுவரில் முட்டாமல் இருந்தால் போதும். மூன்று நிற வரைபுகளையும் பாருங்கள், முகத்தில் முதலில் எரிவது பெரும்பாலும் சிவப்பு.

ஆனால் தெரியாமல் நடப்பது பாதிதான். மற்றப் பாதி, "பிள்ளைய கொஞ்சம் வெள்ளையா எடுங்க" என்று கேட்கும் எங்கட ஆட்கள். கறுத்த பிள்ளையின் முகத்தை அழித்துவிட்டு அதற்கு அழகு என்று பெயர் வைக்கிறோம். அந்தப் பிள்ளை படத்தில் தன்னைத் தேடும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் நாங்கள்.

பரிசளிப்பு விழா வருகிறது. தம்பிமாரே, முதல் படத்தை எடுத்ததும் வரைபை எங்களிடம் கொண்டு வந்து காட்டுங்கள். அதற்குப் பிறகுதான் பிள்ளைகளை மேடையிலிருந்து இறக்குவோம்.